செல்வமலர் விட்ட வசனம்

தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு ஒரு கடிதம் வந்தால், தபால்காரருக்கு அடுத்தபடியாக அதைத் தொடுகிற கை செல்வமலருடையதாகத்தான் இருக்கும். கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், பெனிபிட் உதவிக் காசை நிறுத்தப் போகிறோம் என்கிற வெருட்டல் கடிதம் எல்லாம் அவளுடைய குசினியில் சாப்பாட்டு மேசைக்கு வந்துதான் தமிழாகும். லண்டனுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். குரோய்டனில் இருந்த பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு விசா அலுவலாக எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள் என்பது அவளுக்கே நினைவில்லை. யாரிடமும் ஐந்து சதம் வாங்கியதில்லை. வாங்காததால் யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது. அதில் அவளுக்கு நல்ல வசதி இருந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். செல்வமலர் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்க்கிறவள் அல்ல. டொக்டரிடம் கூட்டிப்போன கிழவர் ஒருவர், "இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, வேற மருந்து எழுதச் சொல்லு" என்றால், "இந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை, தயவுசெய்து பாருங்கள்" என்று அது ஆங்கிலமாகும். பள்ளிக்கூடத்தில் தகப்பன், பெடியனை வீட்டில் தோலை உரிக்கிறேன் என்றால், "வீட்டிலும் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்றாகும். குரோய்டனில் அழத் தெரியாத ஆட்களுக்காக அவளே இரண்டு சொட்டுக் கண்ணீர் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். போன அலுவல் நல்லபடி முடிய வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய இலக்கணம். பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆகவே தான் செய்வது மொழிபெயர்ப்புக்கும் ஒரு படி மேலான வேலை என்று அவள் நம்பியிருந்தாள். அப்படி ஒரு நம்பிக்கை மனிதருக்கு வந்துவிட்டால் அதைக் கழற்றி எடுப்பது லேசான காரியம் அல்ல.

பொலிஸ் வகுப்புக்கு அவளைப் பிடித்துக் கொடுத்தவர் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அருள்நேசன். இந்தப் பகுதிப் பொலிசார் என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று பொதுசனத்துக்கு விளங்கப்படுத்துகிற, வாரம் ஒன்றாக எட்டுக் கிழமை நடக்கிற வகுப்பு. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, லைப்ரரியின் மேல்மாடியில். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் உண்டு, முடிவில் சேர்ட்டிபிக்கட்டும் உண்டு. தமிழர் பக்கத்திலிருந்து ஒருவரும் போகாவிட்டால் எங்களுக்கு மரியாதையில்லை என்றார் அருள்நேசன். அந்தச் சேர்ட்டிபிக்கட் இருந்தால் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் போடுவது லேசு என்று கூடவே ஒரு கயிறும் திரித்தார். செல்வமலர் அந்தக் கயிற்றை நன்றாகவே பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய புருஷன் கணேசலிங்கம் பெற்றோல் ஸ்டேஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டாவது உத்தியோகம் பார்க்கிறவர். இனி மிச்சத்தில் ஒருவர் தும்முவதென்றாலும் உம்மிடம் பெர்மிட் எடுக்க வேண்டும் போல என்று பகிடி பண்ணினார். அவள் புதுக் கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டு போனாள்.

வகுப்பை நடத்தியவள் வென்டி என்கிற சார்ஜண்ட். ஐம்பது வயது இருக்கும். உயரமான, களைத்த கண்களுள்ள மனுசி. பிஸ்கட் பெட்டியைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். முதல் கிழமை பகுதிப் பொலிசில் யார் யாருக்கு என்ன வேலை என்று சொன்னாள். இரண்டாம் கிழமை 999க்கு வருகிற அழைப்புகளில் எதற்கு உடனே ஓடுவார்கள், எதைக் காக்க வைப்பார்கள் என்பது. மூன்றாம் கிழமை, தெருவில் மறித்துச் சோதனை போடுகிற விஷயத்தில், வகுப்பில் இருந்த ஓய்வுபெற்ற கறுப்பின பஸ் ட்ரைவர் ஒருவர் அவளோடு அரை மணி நேரம் பொரிந்து தள்ளினார். வென்டி ஒன்றையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் கிழமை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஆட்களை அடைத்து வைக்கிற அறையைக் காட்டினாள். நீல மெத்தை, வெள்ளைச் சுவர். செல்வமலருக்கு ஊரில் தெரிந்த பொலிஸ் நிலையங்களில் சுவர்கள் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அவள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் கிழமை வீட்டு வன்முறை. இது வேறு ஆட்களுடைய பாடம் என்கிற மாதிரி அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வென்டி எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். இப்படியான ஒரு வீட்டுக்குப் போனால் பொலிசார் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்விகள், இருபதுக்கு மேல். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் பொலிசாக, மற்றவர் அந்த வீட்டுப் பெண்ணாக நடிக்க வேண்டும். செல்வமலருக்குச் சோடியாக வாய்த்தவர் அந்த பஸ் ட்ரைவர்தான். ஆறடி மனிதர் வீட்டுப் பெண்ணாக உட்கார்ந்து, தனக்குத் தந்த அட்டையைப் பார்த்துப் பதில் சொன்னார். செல்வமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பயமாக இருக்கிறதா, தனியே வெளியே போக விடுகிறாரா, போனைப் பறிக்கிறாரா. பிறகு அடுத்த கேள்வி வந்தது. அவர் எப்போதாவது உங்கள் கழுத்தைப் பிடித்து மூச்சு முட்டச் செய்திருக்கிறாரா. பஸ் ட்ரைவர் அட்டையைப் பார்த்து, ஆம் என்றார்.

அவள் அதற்கு நேரே அடையாளம் போடும்போது, வென்டி எல்லோரையும் நிறுத்தச் சொன்னாள். இந்த ஒரு கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், மற்றப் பதில்கள் எதுவானாலும் நாங்கள் அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு வர மாட்டோம் என்றாள். அடிக்கிற ஆண் வேறு, கழுத்தைப் பிடிக்கிற ஆண் வேறு. ஒரு தரம் கழுத்தைப் பிடித்தவன் பிறகொரு நாள் அவளைக் கொன்றுபோடுகிற சாத்தியம் பல மடங்கு அதிகம். வென்டி குரலை உயர்த்தவில்லை. காலநிலை சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

வேறு யாரோ, அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். போனில் மொழிபெயர்ப்பாளரை எடுப்போம், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரி, சொந்தக்காரரையோ அயலவரையோ ஒருபோதும் பிடிக்கக் கூடாது என்றாள் வென்டி. ஏன் அயலவர் கூடாது என்று கேட்டது செல்வமலர்தான். வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"ஏனென்றால் அயலவர்கள் நல்லவர்கள்" என்றாள் வென்டி.

செல்வமலர் கொப்பியைக் கதிரையில் வைத்தாள். எழும்பிப் போய்க் கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாத ஞாயிறு மத்தியானம் அது. அவர்களுக்கு மேல் பிளாட்டில் பவித்திரனும் ஹம்சினியும் இருந்தார்கள். பவித்திரன் ஒரு களஞ்சியத்தில் சுப்பர்வைசர். "அன்ரி, அன்ரி" என்று வளைய வருவான், கடைச் சாமான்களைப் படியேற்றிக் கொடுப்பான். இவ்வளவு நல்ல பெடியனைக் கண்டவர் கொத்திக்கொண்டு போக விடக் கூடாதென்று, செல்வமலரே யாழ்ப்பாணத்தில் தன்னோடு படித்த மங்கலத்தின் மூத்த மகள் ஹம்சினியைப் பேசிக் கட்டி வைத்தாள். சாதகம் பார்த்ததும் அவள்தான், ஸ்பொன்சர் பாரம் நிரப்பியதும் அவள்தான். ஹம்சினி லண்டனுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிறு மேலே ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை. முன் வீட்டு வெள்ளைக்காரி பொலிசுக்குப் போன் அடித்துவிட்டாள்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பவித்திரனை வெளியே கூட்டிப்போனான். மற்றவன், முகத்தில் பருவுள்ள இளம் பெடியன், போனில் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்துக்கொண்டு நின்றான். போனில் பாட்டுத்தான் ஓடியது. செல்வமலர் மாப் பிசைந்த கையோடு படியேறிப் போய், நான் சொல்கிறேன், இந்தப் பகுதியில் எல்லோருக்கும் நான்தான் என்றாள். அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு போனை வைத்தான்.

ஹம்சினி குசினியில் சால்வையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். குரல் கரகரத்தது.

"அவர் ரெண்டு கையாலையும் என்ரை கழுத்தைப் பிடிச்சு நெரிச்சவர் அன்ரி. கண் இருண்டு போச்சு. இது மூண்டாந் தரம்."

பொலிஸ் பெடியன் பேனாவோடு செல்வமலரின் வாயைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அவளுக்குள் ஓடியதெல்லாம் இதுதான்: பவித்திரனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளையின் விசா அவனுடைய கையில். மங்கலத்துக்கு என்ன சொல்வது. நான் பேசிய கலியாணம். அவனை நான் நாலு கேள்வி கேட்டால் திருந்துவான். அவள் வாயைத் திறந்தாள். அம்மாவோடு போன் கதைத்ததில் ஒரு சின்ன வாக்குவாதம், அவர் சத்தம் போட்டுவிட்டார், இவள் பயந்துபோனாள், இப்போது பரவாயில்லை என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் அவளைக் காயப்படுத்தினாரா என்று கேளுங்கள் என்றான் பெடியன்.

செல்வமலர் திரும்பி, கை கால் ஏதும் முறிஞ்சதோ பிள்ளை என்று கேட்டாள். ஹம்சினி அவளைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள். பெடியன் அந்தத் தலையாட்டலைத் தன் கண்ணாலேயே கண்டான், எழுதிக்கொண்டான், போனான்.

அன்று பின்னேரம் செல்வமலர் பவித்திரனைக் கூப்பிட்டு வைத்து ஒரு மணி நேரம் கிழித்தாள். அவன் காலில் விழுந்து அழுதான். அடுத்த கிழமை ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவள் அந்த மாம்பழத்தை ருசித்துத்தான் சாப்பிட்டாள். நாலைந்து மாதத்தில் அவர்கள் பக்கத்து ஊரான சட்டனுக்கு வீடு மாறிப் போனார்கள், பவித்திரன் விலாசம் எழுதித் தந்தான். போகும்போது ஹம்சினி சொல்லிக்கொண்டு போகவில்லை. சின்னப் பிள்ளை, மரியாதை தெரியாது என்று செல்வமலர் அதையும் பெருந்தன்மையாக மன்னித்தாள்.

கழிப்பறையிலிருந்து வகுப்புக்குத் திரும்பியபோது வென்டி கடைசி விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவனின் விசாவில் வந்த பெண் அவனை விட்டு வெளியே வந்தால் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, அவளே தனியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. செல்வமலர் பேனாவை மூடினாள். நூறு பேரைக் குரோய்டனுக்குக் கூட்டிப்போனவளுக்கு இது தெரியாது. ஒருவரும் கேட்டதில்லை, அவளும் தேடியதில்லை.

அன்றிரவு ஹம்சினியின் போன் இலக்கத்துக்கு அடித்தாள். எடுத்தது பவித்திரன். என்ன அன்ரி கன காலம், அவள் படுத்திருக்கிறாள், ஏதும் சொல்ல வேணுமோ என்று தேனாகக் கேட்டான். சும்மா சுகம் கேட்க எடுத்தேன் என்று வைத்துவிட்டாள்.

கணேசலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். அப்படி அவர் குறைப்பது வருடத்துக்கு ஒரு தரம்தான். பிறகு, பொலிசுக்கு மாற்றிச் சொன்னேன் என்று நீரே போய்ச் சொன்னால் முதலில் உம்மைத்தான் பிடிப்பார்கள் என்றார். அதுகள் இப்போது எங்கேயோ சமாதானமாக இருக்கும், போய்க் கிண்டாதேயும் என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்தது என்பதே அவளை வெட்கப்படுத்தியது. ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், பயந்துபோய்க் கிடந்தாள். அடுத்த புதன் தலையிடி என்று வகுப்புக்கும் போகவில்லை.

வியாழன் காலை வென்டி தானாகவே போன் எடுத்தாள். நீங்கள் ஒரு நாளும் தவறாதவர், சுகமா என்று விசாரித்தாள். ஐந்தாம் கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வராமல் விடுவார்கள், அவர்களுக்கு நான் என் நேரடி இலக்கத்தைக் கொடுப்பது வழக்கம் என்றாள். செல்வமலர் அதைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதினாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் சட்டனுக்கு பஸ் ஏறினாள். பவித்திரனின் ஷிப்ட் நாலு மணி வரைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்த ஹம்சினிக்கு ஏழு மாத வயிறு. செல்வமலருக்கு யாரும் சொல்லவில்லை. மங்கலம் கூடச் சொல்லவில்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. வீட்டுக்குள் வெக்கையாக ஹீற்றர் ஓடியது, ஆனாலும் கழுத்து மூடின சட்டை போட்டிருந்தாள். வாங்கோ என்றாள், இருங்கோ என்று சொல்லவில்லை.

செல்வமலர் குசினியில் நின்றபடியே சொன்னாள். வரும் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோய், கொட்டுண்டு வந்ததைச் சொன்னாள். அன்றைக்கு நீ சொன்னதை நான் சொல்லவில்லை பிள்ளை, மாற்றித்தான் சொன்னேன், வகுப்பு எடுக்கிற பொலிஸ் மனுசியிடம் போய் நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள்.

"தெரியும் அன்ரி" என்றாள் ஹம்சினி.

செல்வமலருக்கு விளங்கவில்லை.

"இங்கிலிஷ் சோதினை பாஸ் பண்ணாமல் எனக்கு விசா தந்திருக்க மாட்டினம். கொழும்புக்குப் போய் எழுதினனான். ஸ்மோல் ஆர்கியுமென்ற் எண்டு நீங்கள் சொன்னது விளங்கினது. ஓல்ரைட் எண்டதும் விளங்கினது."

"பிறகேன் பிள்ளை நீ வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் இருபத்தெட்டு வருசமா இஞ்ச இருக்கிறியள். இந்த நாட்டில இதைப் பொலிசுக்குச் சொல்லக் கூடாதாக்கும், அன்ரி தெரிஞ்சுதான் மறைக்கிறா எண்டு நினைச்சன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் செல்வமலர் தாங்கியிருப்பாள். இருக்கச் சொல்லாமலேயே கதிரையில் உட்கார்ந்தாள். ஹம்சினி மற்றதையும் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் நடந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் பவித்திரன் சொல்வது ஒன்றைத்தான். பொலிசே எழுதிக்கொண்டு போய்விட்டது ஒன்றும் நடக்கவில்லையென்று, உன்னுடைய செல்வமலர் அன்ரிதான் சாட்சி, இனி நீ சொன்னால் யார் நம்புவான். செல்வமலருடைய பெயரைத்தான் அவன் அந்த வீட்டில் பூட்டாகப் போட்டு வைத்திருந்தான்.

அப்படியானால் இப்போதே போன் எடுக்கிறேன் என்று செல்வமலர் பையைத் திறந்தாள். ஹம்சினி வேண்டாமென்றாள். நான் வெளியே வந்து எங்கே போவது என்று கேட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு தெருவில் நிற்க ஏலாது. அன்று பொலிஸ் வந்து போனதும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், அம்மா நம்பவில்லை என்றாள். அப்படியென்றால் மலர் எனக்குச் சொல்லியிருப்பாளே, நீ சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறாய் என்று அம்மா சொல்லிவிட்டாளாம்.

"அம்மா உங்களைத்தான் நம்புவா. நீங்கள் சொல்லுங்கோ. அம்மா ஒருக்கா வா எண்டு சொன்னால் நான் எல்லாத்தையும் சொல்லுவன் அன்ரி. போகேக்கை ஒரு இடம் இருக்கெண்டு தெரிஞ்சால் போதும்."

இது தன்னால் முடிந்த காரியம் என்று செல்வமலருக்குத் தெம்பு வந்தது. மங்கலம் பள்ளிக்கூட வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து படித்தவள். யாழ்ப்பாணத்தில் பின்னேர நேரம். தன்னுடைய போனில் வீடியோவில் எடுத்தாள். மங்கலத்தின் முகம் நிறையத் திருநீற்றோடு வந்தது. ஹம்சினி குளிர்சாதனப் பெட்டியோடு சாய்ந்து, தாயின் கண்ணில் படாமல் நின்றுகொண்டாள்.

சுகம் விசாரிப்பதற்கு இடம் கொடுக்காமல் செல்வமலர் தொடங்கினாள். உன் மகளின் கழுத்தை அவன் இரண்டு கையாலும் நெரித்தவன். கண் இருண்டு போனது. அன்றைக்கே அது மூன்றாம் தரம். பொலிஸ் வந்தபோது பிள்ளை என்னிடம் சொன்னது, நான் மறைத்துவிட்டேன். ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல், இன்னொருவர் சொன்னதைச் சொன்னபடி அவள் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டு, மங்கலம் கத்துவாள், தன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றிருந்தது.

மங்கலம் பின்னால் திரும்பி, யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியும் மலர். பிள்ளை சொன்னவள்தானே. நீ அண்டைக்குப் பொலிசைச் சமாளிச்சு அனுப்பினது எனக்குக் கடவுள் செய்த மாதிரி. நல்லூரானுக்கு உன்ரை பேரிலை அர்ச்சனை கூடச் செய்தனான். இவளுக்குக் கீழை கலியாணமாகாத ரெண்டு குமர் கிடக்கு. இவள் வயித்தோடை வந்து நிண்டால் அதுகளை ஆர் கேட்டு வருவான்? நீ பக்கத்தில இருக்கிறாய், ஒருமாதிரிச் சொல்லி ஒப்பேத்து."

செல்வமலருக்கு ஹம்சினியின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. மங்கலம் இன்னும் ஏதோ சொன்னாள். சின்னவளுக்குக் கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதி வந்திருக்கிறதாம், சாதகம் அனுப்புகிறாளாம், பொருத்தம் பார்க்க வேண்டுமாம். நன்றியோடு பேசினாள். அந்த நன்றி ஒவ்வொரு சொல்லாகச் செல்வமலரின் மேல் விழுந்தது. இவ்வளவு காலமும் சனங்கள் தனக்குச் சொன்ன நன்றியெல்லாம் இந்த வகையாகத்தான் இருந்ததோ என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

குசினியில் குளிர்சாதனப் பெட்டி இரைந்தது. ஹம்சினி அழவில்லை. மெதுவாக நடந்து வந்து முன் கதிரையில், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தாய் நம்பவில்லை என்று ஒன்றரை வருடமாக நினைத்திருந்த பிள்ளை. அந்த நினைப்பில் ஏதோ ஒரு வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். நம்ப வைத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிற வெளிச்சம். அது இப்போது அணைந்துவிட்டது. அதை அணைத்த போன் செல்வமலரின் கையில் இருந்தது.

உங்கள் பொலிஸ் மனுசிக்கு எடுங்கோ என்றாள் ஹம்சினி. இனிப் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுமில்லை என்றாள்.

செல்வமலர் இலக்கத்தை அழுத்தப் போனபோது ஹம்சினி கையை நீட்டி மறித்தாள்.

"நான் சொன்னதெல்லாத்தையும் அப்பிடியே சொல்லுங்கோ அன்ரி. ஒண்டையும் விடவேண்டாம். அம்மா சொன்னதை மட்டும் சொல்லாதேங்கோ."

வென்டி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். செல்வமலர் போனை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். தன் பெயரைச் சொன்னாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தன் வாயால் சொன்ன பொய்யைச் சொன்னாள். கழுத்தைச் சொன்னாள், கைகளைச் சொன்னாள், கண் இருண்டதைச் சொன்னாள், வயிற்றைச் சொன்னாள். வென்டி இடைமறிக்கவில்லை. எழுதுகிற சத்தம் கேட்டது. அவன் இப்போது எங்கே என்று கேட்டாள். வேலையில், நாலு மணிக்குப் பிறகு வருவான் என்றதும், பதினைந்து நிமிடத்தில் ஆட்கள் வருவார்கள், முறையான மொழிபெயர்ப்பாளரும் போனில் இருப்பார், நீங்கள் போகாதீர்கள், ஆனால் அவளுக்காக நீங்கள் பேசவும் வேண்டாம் என்றாள். அது சுட்டது. சுட வேண்டியதுதான்.

பிறகு வென்டி, எங்கே தங்க வைப்பது என்று பார்ப்பதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, இந்தப் பிள்ளைக்குக் குடும்பம் இருக்கிறதா, தாய் இருக்கிறாளா, இது தாய்க்குத் தெரியுமா என்று கேட்டாள்.

ஹம்சினி தலையை நிமிர்த்திச் செல்வமலரின் வாயைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள் செல்வமலர் ஆங்கிலத்தில். "தாய்க்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் பேசாமல் இருந்திருக்க மாட்டாள்."

அது ஹம்சினிக்கு விளங்கியது. அப்போதுதான் அவள் மேசையில் தலையை வைத்து அழத் தொடங்கினாள்.